வட்டத்தை உடைத்த சுவரொட்டி

நான் வரைந்தவற்றில் அதிகம் பேர் நின்று பார்த்தது ஒரு சுவரொட்டியைத்தான். கிட்டே போய்ப் பார்த்தார்கள், தள்ளி நின்று பார்த்தார்கள், போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், இதற்கு என்ன அர்த்தம் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விவாதித்தார்கள். படம் போடுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பார்த்தவர்கள் எல்லாரும் ஏலக்காய் வியாபாரிகள். அது ஓவியக் கண்காட்சிக்கான சுவரொட்டி என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது ஒன்றுதான் குறை.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் போடிக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகள். நான் திண்டுக்கல்காரி, அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது, டிராயிங்கில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் நான் தேறியிருக்கிறேன் என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். மாமனார் அதைக் கோலம் நன்றாகப் போடுவாள் என்று புரிந்துகொண்டார். நாங்களும் திருத்தவில்லை.

புகுந்த வீட்டில் ஏலக்காய் வியாபாரம். முன்னால் கடை, பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கி, பக்கத்தில் வீடு. மாமா, அத்தை, மூத்த மகன் குடும்பம், இளைய மகனான என் வீட்டுக்காரர், நான், பிள்ளைகள் என்று எல்லாருக்கும் ஒரே அடுப்பு. ஒவ்வொரு கடைக்கும் ஒரு மார்க்கா உண்டு. தகரத் தகட்டில் உருவத்தை வெட்டி, சாக்கின்மேல் வைத்து, கறுப்பு மையைப் பிரஷ்ஷால் தட்டினால் மார்க்கா விழும். எங்கள் மார்க்கா வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். சரக்குப் போகிற பம்பாயில் யாருக்கும் தன் பெயர் தெரியாது, ஆனால் வட்டத்து நட்சத்திரத்தைத் தெரியும் என்று மாமா சொல்வார். அவர் பெருமையடித்து நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

தேனியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில்தான் சனிக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். டீச்சர், பேங்கில் வேலை பார்த்த அவருடைய தம்பி, தேனி சினிமாக் கொட்டகைக்குப் பேனர் எழுதும் ஒருவர், நான். பிள்ளைகளை அக்காவிடம், அதாவது மூத்தவர் மனைவியிடம், விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். ஆண்கள் இருக்கிற இடமாயிற்றே என்று அத்தை ஒரு தடவை இழுத்தார். டீச்சரின் அம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார் என்று சொன்ன பிறகு விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்பதில் அவருக்கு ஒரு மரியாதை.

பேங்குத் தம்பி மதுரைப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாங்கி வருவார். அவற்றில் மூன்று கால் நாற்காலிகள், அவரைக்கொட்டை வடிவத்தில் மேஜைகள், ஒரு கோடும் இரண்டு வட்டமும் மட்டுமே உள்ள விளம்பரங்கள். பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. மயில், தாமரை, தண்ணீர்க்குடப் பெண் எல்லாவற்றையும் கைவிட்டு நவீனமாகிவிட்டோம். ஒவ்வொரு படத்தையும் நான்கு பேரும் சேர்ந்தே போடுவது என்றும் முடிவு செய்தோம். மேஜைமேல் அலாரம் கடிகாரம் இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை அது அடித்ததும் அவரவர் அட்டையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிக்கக்கூடாது.

பேங்குத் தம்பி ஸ்கேல் இல்லாமல் கோடு போடமாட்டார். பேனர்காரரோ எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு கண்ணை வைத்துவிடுவார். முக்கோணத்தில் கண், நிலாவில் கண், சும்மா கிடந்த ஊதாத் திட்டில் மை தீட்டிய கண். "என்னங்க செய்யச் சொல்றீக, கை தானாப் போகுது" என்பார். இப்படியாகப் பன்னிரண்டு படம் சேர்ந்துவிட்டது. மே மாத விடுமுறையில் பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைக்கத் தலைமையாசிரியை சம்மதித்தார். சுவரொட்டி யார் செய்வது என்று சீட்டுப் போட்டோம், என் பெயர் வந்தது.

கண்காட்சிக்கு ஒரு பெயர் வைக்க நான்கு பேரும் மூன்று வாரம் சண்டை போட்டு, கடைசியில் பெயரே வேண்டாம் என்று விட்டிருந்தோம். பேனர்காரர் சினிமா வழக்கத்தைச் சொன்னார். "முதல்ல படத்தை மட்டும் ஒட்டணும், கீழ 'விரைவில்'னு ஒரு வார்த்தை. ஊரு முழுக்க என்னன்னு தவிக்கணும். பத்து நாள் கழிச்சு விவரம்." எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. ஊர் தவிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு அவ்வளவு ஆசை.

போடியில் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு பெரிய வட்டம். அதன் வலது பக்கம் உடைந்திருக்கும். அந்த உடைப்பு வழியாக நான்கு வடிவங்கள் வெளியே வந்து காற்றில் நிற்கும், பெரிதாக இரண்டு, சிறிதாக இரண்டு. டீச்சரும் அவர் தம்பியும் நல்ல உயரம், நானும் பேனர்காரரும் குள்ளம், அதுதான் கணக்கு. பழைய வட்டத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் வெளியே வருகிறோம் என்று பொருள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காமல் எப்படி இருக்கும், ஆறு வருஷமாகச் சாக்குச் சாக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்த வட்டம் அல்லவா அது? அளவும் தடிமனும் அப்படியே வந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

தேனி அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படத்தை அச்சடிக்கிற பிளாக் மதுரையில்தான் செய்யவேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார். மேலே பிள்ளையார் சுழியும் இரண்டு பக்கம் குத்துவிளக்கும் தன்னிடம் தயாராக இருக்கிறது, அதைப் போட்டால் நாளைக்கே தரலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் மூளை வேலை செய்தது. தகட்டில் வெட்டி மை தட்டுகிற ஆள் நம் கிட்டங்கியிலேயே இருக்கிறாரே!

மறுநாள் காலையில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஒரு விளம்பரம் செய்றோம் மாமா, மார்க்கா போடுற அண்ணனைக் கொஞ்சம் வேலை வாங்கிக்கிடவா?" பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்று வந்தது. நேரே கிட்டங்கிக்குப் போய் அண்ணனிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மொதலாளிக்குத் தெரியுமா தாயீ?"

"தெரியும்ணே. இப்பத்தான் சொன்னேன்."

"சின்ன மொதலாளிக்கு?"

"அவுகதான என்னைச் செய்யவே சொன்னாக."

அது பொய்யில்லை. வீட்டில் சும்மா இருக்காதே, படம் போடு என்று என்னைச் சனிக்கிழமைகளில் பஸ் ஏற்றிவிட்டவரே என் வீட்டுக்காரர்தான். அண்ணன் பெருமூச்சு விட்டு, "சரி தாயீ, நல்லபடியா நடக்கட்டும்" என்றார். நவீன ஓவியம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தகட்டை வெட்டி முடித்ததும் மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கிழக்கே பார்த்து நின்று என் கையில் கொடுத்தார். எந்தக் கிழமை வெளியே வருகிறது என்று கேட்டார். புதன் என்றேன். புதன் நல்லதுதான் என்றார்.

புதுத் தகடு அந்த ஊரில் எப்போது வெட்டுவார்கள் என்று திண்டுக்கல் வாத்தியார் மகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரியும்போதுதான் வெட்டுவார்கள். பழைய மார்க்கா மூத்தவனுக்குப் போகும். தனியாகப் போகிற இளையவன் புது மார்க்காவைப் பஜாருக்குக் காட்ட வேண்டும்.

நான் காட்டினேன். போடி பஸ் ஸ்டாண்டு, தேனி சந்தைச் சுவர், பழனிசெட்டிபட்டி, சின்னமனூர், சனீஸ்வரன் கோயிலின் சனிக்கிழமைக் கூட்டத்துக்காகக் குச்சனூர் என்று ஓரிடம் விடவில்லை. மஞ்சள் தாளில் கறுப்பு மை. தாள்களை மொட்டை மாடிக் கொடியில் காய வைத்தேன். மைதாப் பசையில் துத்தம் கலந்து ஒட்டும் வேலையைப் பேனர்காரர் பார்த்துக்கொண்டார். உடைந்த வட்டம், வெளியே வரும் நால்வர், கீழே 'விரைவில்'. ஊர் தவித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பெரிய இட்லிக் கொப்பரை எனக்கு இருக்கட்டும். உனக்கு நாலு பேருதான, குக்கரை எடுத்துக்க. ஆட்டுரலைத் தூக்க முடியாது, அது இங்கனயே கெடக்கட்டும்."

"எதுக்குக்கா?"

"தெரியாதமாதிரி கேக்காதடி. எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. என்னைக்கா இருந்தாலும் நடக்குறதுதான்."

அத்தை அன்று என்னிடம் பேசவில்லை. கேட்டதற்கு விளக்குமாற்றிடம் பதில் சொன்னார். மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரை அறைக்குள் இழுத்துப்போய் என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவர் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது.

"வட்டத்தை உடைச்சுட்டு நாலு பேரு வெளிய போறாகளாம். நான், நீ, ரெண்டு பிள்ளைக. பெருசு ரெண்டு, சிறுசு ரெண்டு. நட்சத்திரத்தை மட்டும் அண்ணனுக்கு விட்டுட்டுப் போறமாம். பஜாரே அதைத்தான் பேசுது."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என் படத்தை இவ்வளவு நுணுக்கமாக இதுவரை யாரும் பார்த்ததில்லை, நட்சத்திரம் இல்லாததற்குக்கூடக் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அவர் சிரிக்கவில்லை.

"நீங்க இல்லைன்னு சொன்னீகளா?"

"சொல்லணும்" என்றார்.

சனிக்கிழமை மேகமலையிலிருந்து ஒரு எஸ்டேட்காரர் ஜீப்பில் வந்தார். மாமா இல்லாத நேரம். புது மார்க்காவுக்கு முதல் காய் தன் தோட்டத்துக் காயாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் மறுக்கவில்லை. "பாப்போம்ணே" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது.

ஜீப் போனதும் பிடித்துக்கொண்டேன். "அது சுவரொட்டிங்க, படம் காட்டப் போறோம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஊரு என்னையில்ல பேசுது. குடும்பத்தைப் பிரிக்க வந்தவன்னு உங்க அம்மா என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிறாக. உங்க அப்பாட்ட இல்லைன்னு சொல்லுங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "இன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் என்னைக்குமே கேக்க முடியாது" என்றார்.

ஆறு வருஷம் ஒரே அறையில் இருந்தவள், இந்த மனுஷனுக்குள் இப்படி ஒன்று இருப்பதைப் பார்த்ததில்லை. வயது முப்பத்து மூன்று. கிட்டங்கியில் ஒரு மூட்டையை எங்கே வைப்பது என்றால்கூட அப்பாவையும் அண்ணனையும் கேட்டுத்தான் வைக்க வேண்டும். அவருக்காக வருத்தப்பட்டேன். கூடவே கோபமும் வந்தது. கேட்க வேண்டியதை அவர் கேட்காமல், என் சுவரொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நானே மாமாவிடம் போனேன். சுவரொட்டி, கண்காட்சி, சீட்டுப் போட்டது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "படத்துக்கா?" என்றார். "ஆமா மாமா." "சரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

விவரத்தோடு இரண்டாவது சுவரொட்டி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று டீச்சர் தைரியம் சொன்னார். தேதி, இடம், 'ஓவியக் காட்சி, அனைவரும் வருக' என்று போட்டு ஒட்டினோம். பஜார் அதையும் தன் வழியிலேயே படித்தது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று, படம் காட்டுவது இந்தக் காலத்து ஃபேஷன் என்று. முதல் நாள் காலையில் பத்துப் பதினைந்து வியாபாரிகள் சலவை வேட்டியில், கையில் எலுமிச்சம்பழத்தோடு தேனிக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேர் மாலை கொண்டுவந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அங்கே இல்லாததால் மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல், வாசலில் மரியாதையாக நின்றிருந்த பேங்குத் தம்பிக்குப் போட்டார்கள். உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "சரக்கு எங்கன இருக்கு?" என்று ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். சுவரைக் காட்டினேன். படங்களில் இருந்த கண்களெல்லாம் அவரைப் பார்த்தன.

மூன்றாம் நாள் மத்தியானம், ஹாலில் கூட்டம் இல்லாத வேளையில், மாமா வந்தார். போடியிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். தோளில் துண்டு, நெற்றியில் வியர்வை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, காயைக் கையில் வைத்துப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"இதுல உன்னோடது எதும்மா?"

"தனியா என்னோடதுன்னு எதுவும் இல்ல மாமா. எல்லாத்துலயும் நாலு பேரும் போட்டிருக்கோம்."

"சண்டை வராதா?"

"வந்துச்சு மாமா. கண்ணு போடாதீகன்னு சொன்னதுக்கு அவுக ரெண்டு வாரம் எங்ககூடப் பேசலை" என்று பேனர்காரரைக் காட்டினேன்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு" என்றார் மாமா. பேனர்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு மாமா கதவோரம் ஒட்டியிருந்த சுவரொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "வட்டம் நம்ம வட்டம்தான்" என்றார்.

"வேணும்னு போடலை மாமா."

"தெரியும்." துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நேத்து சின்னவன்ட்ட கேட்டேன். ஊரு சொல்றது நெசமாடான்னு. இல்லைன்னு ஒரு வார்த்தை வரும்னு நின்னேன். வரலை. தரையைப் பாத்துக்கிட்டே நின்னான்."

நான் மேஜைமேல் கிடந்த எலுமிச்சம்பழங்களை வரிசையாக அடுக்கினேன்.

"நீ சொல்லிக் குடுத்துத்தான் செய்றான்னு ஊரே சொல்லுது. நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்க அத்தைட்டயும் சொல்லிட்டேன்."

இந்த வார்த்தைக்காகத்தானே இரண்டு வாரமாகத் தவித்தேன். வந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்றைக்கு எழுதுவதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் என் வீட்டுக்காரரிடம் இல்லையென்று சொல்லச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் சொல்லாமல் கடந்த ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். தனி வீட்டில் வடக்கு ஜன்னல் உள்ள ஓர் அறை, விட்ட படம் விட்டபடியே நாளைக்கும் இருக்கிற ஒரு மேஜை என்று மனசுக்குள் ஒரு வீட்டையே கட்டி முடித்திருந்தேன். மாமாவிடம் அதைச் சொல்லவில்லை. குற்றமற்றவளாகத் தலையாட்டினேன்.

"தகடு யார்ட்ட இருக்கு?"

"எங்கிட்டத்தான் மாமா."

"அது நாலு பேரு பொருளு. அவுக மூணு பேர்ட்டயும் கேட்டுட்டு எங்கிட்டக் குடு. நான்தான் அதை அவன் கையில குடுக்கணும். அவனா எடுத்துட்டுப் போனான்னு பேச்சு வரக்கூடாது."

மூன்று பேரும் அங்கேயே சம்மதித்தார்கள். தான் கண் வைக்காத ஒரே படம் பம்பாய்க்குப் போகிறதே என்று பேனர்காரர் மட்டும் கொஞ்சம் புலம்பினார்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இரண்டு படி இறங்கியவர் நின்றார். திரும்பாமலேயே கேட்டார்.

"தனியாப் போனாலும், காலையில காப்பிக்கு இங்கன வந்துருவான்ல?"

அவர் நின்றது தேனியில். 'இங்கன' என்று அவர் சொன்னது போடி வீட்டை.

"வருவாக மாமா" என்றேன்.

பாகம் பிரிந்த பிறகும் என் வீட்டுக்காரர் போனார். மாமா இருந்தவரை ஒரு நாள் தவறாமல், விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்துபோய், அப்பாவோடு காபி குடித்துவிட்டு வந்துதான் தன் கடையைத் திறந்தார். எனக்கு வடக்கு ஜன்னல் கிடைத்தது. அத்தனை வருஷமும் காலைக் காபியை அதன் பக்கத்தில் உட்கார்ந்து நான் தனியாகத்தான் குடித்தேன்.